ஆறு வீட்டுக்கு ஒரு தகடு

ஆடி பிறந்துவிட்டால் பெரியபாளையத்துப் பவானியம்மன் சந்நிதியை நோக்கி வரும் வண்டிகளுக்குக் கணக்கில்லை. ஆரணியாற்றங்கரை மக்கள் வெள்ளமாகிறது. வேப்பிலை ஆடை உடுத்தலும் பொங்கலிடுதலும் ஒருபுறம் இருக்க, நம் வட்டாரத்துச் சிற்றூர்களிலெல்லாம் அம்மனுக்குக் கூழ் வார்ப்பதும் இம்மாதத்திலேதான். அந்தக் கூழுக்கு வேண்டிய மாவு எங்கிருந்து வருகிறது என்பதை மட்டும் எவரும் வினவுவதில்லை. நெல்லும் நிலக்கடலையும் மிகுந்த இப்பகுதியில், மேட்டு நிலத்தில் ஒரு துண்டு கேழ்வரகோ கம்போ விளைவிக்கும் சிறு குடியானவர் இன்றும் உளர். அவர் தம் தானியத்தை மூட்டையாக விற்றுவிடுகிறார். பிறகு அதே தானியத்தை, பொட்டலத்தில் அடைத்த மாவாக, கடையில் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறார். விற்கும்போது ஒரு நஷ்டம், வாங்கும்போது ஒரு நஷ்டம். இரண்டையும் தாங்குபவர் நம் சங்க அங்கத்தினர்.

ஏன் இப்படி என்று கேட்டால், “அரைக்கப் பொழுதில்லை” என்ற ஒரே விடைதான் கிடைக்கிறது. இயந்திரம் இல்லாத குறையன்று. ஒரு குதிரைத்திறன் மோட்டார் பூட்டிய சிறு மாவு இயந்திரம் இப்போது பல வீடுகளில் இருக்கிறது; மகளிர் சுயஉதவிக் குழுக்களிடமும் இருக்கிறது. ஆயினும் அதன் தலையில் அமைந்த தானியத்தொட்டி, அதாவது ஆலைக்காரர் ‘ஹாப்பர்’ என்று வழங்கும் உறுப்பு, சில கிலோவுக்கு மேல் கொள்வதில்லை. வீட்டம்மையார் அருகிலேயே நின்று படிபடியாகக் கொட்டிக்கொண்டிருக்க வேண்டும். பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் முதலிய நெசவூர்களில் அந்த நேரம் தார் சுற்றும் நேரம் என்பதை மறக்கலாகாது. தார் இல்லையேல் நாடா ஓடாது. நாடா ஓடாவிடில் கூலி இல்லை. ஒரு மணி நேர அரைவைக்காகத் தறியை நிறுத்துவதைவிட, பொட்டல மாவை வாங்குவதே இலாபம் என்று அவர்கள் முடிவு செய்தால் அதில் தவறு காண முடியாது. இயந்திரம் சாக்கைப் போர்த்திக்கொண்டு மூலையில் கிடக்கிறது. குறை இயந்திரத்தின் வயிற்றில் இல்லை, வாயில் இருக்கிறது.

இந்த வாயைப் பெரிதாக்க ஒரு கம்பெனியும் வேண்டா, மானியமும் வேண்டா என்பதே என் கருத்து. ஹாப்பர் என்பது நான்கு தகடுகளை மடித்து இணைத்த ஒரு கூம்புப் பெட்டி, அவ்வளவே. அதைத் தனித்தனியே கடையில் வாங்கினால் செலவு மிகும். ஆறு வீட்டார் கூடி ஒரே தகட்டை வாங்கி வெட்டிக்கொண்டால் அற்பச் செலவில் முடியும். ஆறு என்ற எண்ணை ஏன் சொல்கிறேன் என்பது பின்னர் விளங்கும்.

முதலில், வீட்டில் அரைப்பதால் ஆகும் நன்மை என்ன? கேழ்வரகைப் பொறுத்தமட்டில் சிக்கனம் ஒன்றே பெரும்பாலும் நன்மை. கம்பு அப்படியன்று. அரிசியைவிடக் கம்பில் கொழுப்புச் சத்து பன்மடங்கு அதிகம்; நூறு கிராமுக்கு ஏறத்தாழ ஐந்து கிராம் இருக்கும். முழுத் தானியமாக இருக்கும்வரை அக்கொழுப்பு உள்ளே அடங்கிக் கிடக்கிறது. உடைத்த மாத்திரத்தில், தானியத்திலேயே உள்ள ஒரு நொதி அதன்மீது வேலை செய்யத் தொடங்குகிறது. சில நாட்களிலேயே மாவு காறி, கசப்பு ஏறுகிறது. கம்பங்கூழை நகரத்தார் கைவிட்டதற்கு நாகரிக மோகமே காரணம் என்று மேடைகளில் பேசுவோர் உண்டு. கசந்த மாவில் காய்ச்சிய கூழை யார்தான் விரும்புவர்? கம்பை வாரம் ஒருமுறை, வேண்டிய அளவு மட்டுமே உடைத்துக்கொள்வதுதான் முறை. நம் பாட்டிமார் உரலும் திருகையும் கொண்டு அவ்வப்போது அரைத்தது அறியாமையால் அன்று.

அயல்நாடுகளில் இந்த ஹாப்பர் விஷயத்தில் மிகுந்த அக்கறை காட்டுவோர் ஒரு வகையினர் உளர். அவர்கள் வீட்டிலேயே பீர் காய்ச்சுபவர்கள். இங்கிலாந்தில் 1963-ஆம் ஆண்டு முதல் வீட்டு உபயோகத்திற்குப் பீர் காய்ச்ச லைசென்ஸ் வேண்டியதில்லை. அமெரிக்காவில் 1978-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு வழி திறந்தது. முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமையை இரண்டு உருளைகளுக்கு நடுவே விட்டு நசுக்குவது அவர்கள் வேலையின் முதற்படி. உருளை இயந்திரத்தை விலைக்கு வாங்கி, ஹாப்பரை மட்டும் ஒட்டுப்பலகையிலோ தகட்டிலோ தாமே செய்துகொள்கிறார்கள். தண்ணீர் விற்கும் பெரிய கேனின் அடியை அறுத்துத் தலைகீழாகக் கவிழ்த்துக்கொள்பவர்களும் உண்டு. நம் நாட்டில், குறிப்பாக இம்மாநிலத்தில், 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி வீட்டில் மது காய்ச்சுவது குற்றம். அந்தப் பக்கம் நமக்கு வேலையில்லை. ஆனால் முளைகட்டிய கேழ்வரகை உலர்த்தி அரைத்துக் குழந்தைகளுக்குக் காய்ச்சிக் கொடுக்கும் ‘ராகி மால்ட்’ என்பதும் அதே மால்ட்தான். இராமுழுதும் கரைத்துவைத்துப் புளிக்கவிடும் கூழ் மாவில் நடப்பதும் ஒரு நொதித்தலே. அது புளிப்பை உண்டாக்குவதேயன்றிப் போதையைத் தருவதன்று. பீர் காய்ச்சுபவனுக்கு மாவு நைந்துவிடக் கூடாது. கூழ் காய்ச்சுபவருக்கும் மாவு சற்றுக் கொரகொரப்பாகவே வேண்டும். ஆகவே அவர்கள் கண்ட நுட்பம் நமக்கும் பயன்படும்.

அந்த நுட்பத்தில் முதலாவது, தானியம் தண்ணீரைப் போல ஓடுவதில்லை என்பது. குடத்தின் அடியில் ஓட்டையிட்டால், குடம் நிறைந்திருக்கும்போது நீர் வேகமாகவும் குறையக் குறைய மெதுவாகவும் ஒழுகும். தானியத்தொட்டியில் அவ்வாறில்லை. நிறைந்திருந்தாலும் பாதியாக இருந்தாலும் ஒரே வேகத்தில்தான் இறங்கும். தானியத்தின் பாரத்தில் பெரும்பகுதியை, உராய்வின் காரணமாகப் பக்கச் சுவர்களே தாங்கிக்கொள்வதுதான் இதற்குக் காரணம். இதனை ஜான்சென் என்னும் ஜெர்மானியப் பொறியாளர் 1895-இல் கணக்கிட்டுக் காட்டினார். மணற்கடிகாரம் காலத்தைச் சரியாக அளப்பதும் இந்தக் குணத்தினால்தான். இதிலிருந்து நாம் கொள்ள வேண்டுவது யாதெனில், தொட்டியை எவ்வளவு பெரிதாக்கினாலும் இயந்திரத்தின்மீது பாரம் ஏறி அது திணறாது. இறங்கும் அளவை முடிவு செய்வது அடிவாயின் அகலம் மட்டுமே. ஆகையால் அடிவாயில் இழுத்து மூடும் ஒரு தடுப்புத் தகடு இருந்தால் போதும். ஒருமுறை பத்துக் கிலோ போட்டு, அது முழுதும் இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, தடுப்பு நின்ற இடத்தில் ஆணியால் ஒரு கீறல் போட்டுவிட்டால், மறுமுறை கண்ணை மூடிக்கொண்டு அதே இடத்தில் வைக்கலாம். மோட்டாரின் ஓசை கனத்து இழுத்தால் தடுப்பைச் சற்று மூடுக. மாவு சூடாக விழுந்தாலும் அப்படியே.

இரண்டாவது, சரிவு. ஹாப்பரின் சுவர் படுத்திருந்தால் தானியம் மூலைகளில் தங்கிவிடும். அங்கே பழைய தானியம் பூச்சி பிடிக்கும். தண்ணீர்க் கேனைக் கவிழ்த்துக் கட்டுவதில் உள்ள குறை இதுவே. அதன் தோள்பகுதி தட்டையானது. சோதித்துப் பார்க்க அது போதும். ஆண்டுக்கணக்கில் உழைக்கத் தகட்டுத் தொட்டியே நல்லது. தரைமட்டத்திலிருந்து 60 பாகை சரிவு வைத்தால் உலர்ந்த கேழ்வரகும் கம்பும் தங்குதடையின்றி இறங்கும். ஈரத் தானியம் எந்தச் சரிவிலும் இறங்காது. கழுவிய கேழ்வரகை நன்றாக வெயிலில் காயவைத்த பிறகே போட வேண்டும். மூன்றாவது, அடிவாய் மிகக் குறுகினால் மணிகள் ஒன்றோடொன்று முட்டி வளைவு கட்டி நின்றுவிடும். மணியின் பருமனைப்போல் எட்டுப் பத்து மடங்காவது வாய் இருக்க வேண்டும். கேழ்வரகுக்கு ஒன்றரை சென்டிமீட்டரே போதும். மக்காச்சோளத்துக்கு எட்டு வேண்டும். ஆகவே வாயை எட்டு சென்டிமீட்டராக வைத்துத் தடுப்புத் தகட்டால் குறைத்துக்கொள்வது எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

இனி அளவு. மேல்வாய் 40 செ.மீ. சதுரம், அடிவாய் 8 செ.மீ. சதுரம், செங்குத்து உயரம் 28 செ.மீ. இதன் கொள்ளளவு பதினெட்டரை லிட்டர்; கேழ்வரகாயின் பதின்மூன்று பதினான்கு கிலோ பிடிக்கும். ஐந்தாறு பேர் உள்ள குடும்பத்துக்கு ஒரு வாரத்துக்கு வேண்டியதைவிட அதிகம். ஒவ்வொரு பக்கத் தகடும் மேலே 40, கீழே 8, சரிவு நீளம் 32 செ.மீ. கொண்ட ஒரு சரிவகமாகும். இவற்றை ஒன்றை நேராகவும் அடுத்ததைத் தலைகீழாகவும் அடுக்கினால், நான்கும் சேர்ந்து 112 செ.மீ. நீளத்தில் அடங்கிவிடும். இணைப்புக்காக ஒவ்வொரு சரிவகத்தின் ஒரு பக்கத்திலும் ஒன்றரை செ.மீ. மடிப்பு விட்டால் ஏறத்தாழ 119 செ.மீ. ஆகும். கடையில் விற்கும் தகடு 8 அடிக்கு 4 அடி. 4 அடி என்பது 122 செ.மீ. பார்த்தீர்களா, அளவெடுத்துச் செய்தாற்போல அமைந்துவிடுகிறது! மேலும் கீழும் மடிப்பு விட்டு 36 செ.மீ. அகலமுள்ள ஒரு பட்டையை வெட்டினால் ஒரு ஹாப்பர். 8 அடி, அதாவது 244 செ.மீ. நீளத்தில் இத்தகைய பட்டைகள் ஆறு வரும். எஞ்சும் 28 செ.மீ. துண்டில் ஆறு தடுப்புத் தகடுகளை வெட்டிக்கொள்ளலாம். ஆறு வீடு என்று முன்னே சொன்னது இதனால்தான்.

0.8 மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புத் தகடு ஒன்றின் எடை ஏறத்தாழ பத்தொன்பது கிலோ. ஒரு வீட்டுக்கு மூன்று கிலோவும் சிறிது கூடுதலும் விழுகிறது. அன்றைய கிலோ விலையைக் கேட்டு மூன்றேகாலால் பெருக்கினால் வீட்டுப் பங்கு தெரிந்துவிடும். ரிவெட்டும் தச்சுக்கூலியும் வேறு. வெட்டுமுன் இதே அளவை முதலில் பழைய அட்டையில் வெட்டி ஒட்டிப் பார்த்துவிடுவது புத்திசாலித்தனம். தகடு ஒருமுறை தவறினால் ஆறு வீட்டாரின் பணமும் தவறுகிறது. மடிப்புகள் யாவும் வெளிப்புறமாக இருக்க வேண்டும். உள்ளே மடிப்பு இருந்தால் அதில் மாவுத்தூள் தங்கும். மேல் விளிம்பைக் கட்டாயம் மடித்துத் தட்டிவிட வேண்டும்; வெட்டிய விளிம்பு கத்திபோல் கையைக் கிழிக்கும். இணைப்புக்கு ரிவெட் போதும். ஈயப்பற்று மட்டும் வைக்கக் கூடாது. ஈயம் உணவில் கலக்கத்தக்க பொருளன்று. நிரம்பிய தொட்டியின் பாரத்தை இயந்திரத்தின் சிறு வாய் தாங்காது. ஆதலால் ஆங்கிள் இரும்பிலோ பழைய மரச்சட்டத்திலோ நான்கு கால்கள் கொண்ட தனித் தாங்கி அமைப்பது அவசியம்.

தகடு எங்கே வாங்குவது என்பதில்தான் நம் வட்டாரத்துக்கென்று ஓர் அனுகூலமும் ஓர் ஆபத்தும் சேர்ந்தே இருக்கின்றன. கும்மிடிப்பூண்டியிலும் காக்களூரிலும் தொழிற்பேட்டைகள் இருக்கின்றன. அவற்றைச் சுற்றி எழுந்துள்ள காயலான் கடைகளில் தகட்டுத் துண்டுகள் மலிவாகக் கிடைக்கின்றன. புதிய தகட்டின் வெட்டுத் துண்டாக இருந்தால் வாங்கலாம். எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்பும் வெந்நீரும் கொண்டு நன்றாகக் கழுவிவிட வேண்டும். ஆனால் அதே கடைகளில் டிரம்களும் விற்கின்றன. என்ன இரசாயனம் இருந்தது என்று விற்பவருக்கே தெரியாது. மூடியில் ஒட்டிய சீட்டைக் கிழித்துவிட்டிருப்பார்கள். அத்தகைய டிரம்மை அறுத்து ஹாப்பர் செய்வது, விலை எவ்வளவு மலிவாயினும், செய்யத்தகாத காரியம். வயலில் அடித்த பூச்சிமருந்தின் தகரமும் அப்படியே. கழுவிவிட்டோம், வாடை இல்லை என்று சொல்லுவோருக்கு நான் சொல்வது ஒன்றே: வாடை இல்லாமையால் விஷம் இல்லை என்று ஆகாது. அந்தத் தொட்டியில் இறங்குவது குழந்தையின் கஞ்சிக்கு உரிய மாவு. இந்த ஒரு விஷயத்தில் சிக்கனம் என்ற சொல்லையே எடுக்கக் கூடாது. சமையல் எண்ணெய் வந்த 15 கிலோ டின் கிடைத்தால் அதை உபயோகிக்கத் தடையில்லை. அதற்குரிய அளவு சிறியதாகும். நாகம் பூசிய தகடு உலர்ந்த தானியத்துக்கு ஏற்றது. ஊறிய அரிசியும் புளித்த மாவும் அதில் படக் கூடாது. கையில் பணமிருப்போர் துருப்பிடிக்காத எஃகுத் தகட்டை வாங்கினால் எல்லாக் கவலையும் தீரும்.

கைவிரலுக்கு வருவோம். தானியம் நின்றுவிட்டால் விரலை விட்டுக் கிளறுவது எல்லோருக்கும் வழக்கமாகிவிட்டது. கீழே சுழல்வது இரும்புச் சுத்தியல்கள். அடிவாய்க்குச் சற்று மேலே, விரல் நுழையாத இடைவெளியில் கம்பிகள் பதித்த ஒரு வலைச்சட்டம் கட்டாயம் இருக்க வேண்டும். கழற்றி எடுக்கக்கூடியதாக அதை வைத்தால், கழற்றி எடுத்து ஓரமாகவும் வைத்துவிடுவார்கள். ரிவெட் அடித்து நிரந்தரமாக்குக. தானியம் நின்றால் தொட்டியின் வெளிப்புறத்தைக் கையால் தட்டினாலே போதும். தகட்டுத் தொட்டி மின்சாரத்தைக் கடத்துவது. ஆகவே இயந்திரத்துக்கும் தொட்டிக்கும் எர்த் கம்பி இணைத்திருக்க வேண்டியது முக்கியம். சாலையில் உலர்த்திய தானியத்தில் ஆணியும் கம்பித்துண்டும் வருவது சகஜம். பழைய ஒலிபெருக்கியின் காந்தம் ஒன்றை அடிவாயருகே பொருத்தினால் அவற்றைப் பிடித்துக்கொள்ளும். இரும்புத் தகடாயின் காந்தத்தை உட்புறம் வைக்க வேண்டும். வெளியே வைத்தால் அதன் சக்தியைத் தகடே விழுங்கிவிடும். கல்லைக் காந்தம் பிடிக்காது என்பதால் சலிக்கும் வேலை போகவில்லை.

தொட்டி பெரிதாகிவிட்டது என்று இயந்திரத்தை ஓடவிட்டுச் சந்தைக்குப் போகலாமா? கூடாது. தானியம் தீர்ந்தபின் தட்டுக்கல் இயந்திரம் வெறுமையாக ஓடினால் தட்டோடு தட்டு உராய்ந்து தேயும். தேய்ந்த இரும்பு அடுத்த மாவில் வரும். ஐரோப்பாவின் பழைய காற்றாலைகளில் இதற்கு ஓர் அழகிய உபாயம் வைத்திருந்தனர். ஹாப்பருக்குள் ஒரு தோல்வாரைப் போட்டு, அதன் மறுமுனையில் ஒரு மணியைக் கட்டிவிடுவர். தானியத்தின் பாரம் வாரை அழுத்திக்கொண்டிருக்கும்வரை மணி மேலே நிற்கும். தானியம் குறைந்ததும் வார் தளர, மணி இறங்கிச் சுழலும் தண்டில் பட்டு ஒலிக்கும்; ஆலைக்காரர் எழுந்து ஓடி வருவார். நம் வீட்டில் ஒரு முழக் கெட்டித்துணியும் ஒரு மாட்டு மணியும் இருந்தால் இதைச் செய்துவிடலாம். சுழலும் தண்டின் பக்கம் போகாமல், அதிர்ந்துகொண்டிருக்கும் தாங்கிச் சட்டத்தின்மீது மணி விழும்படி அமைத்தால் போதும். மணியோசை கேட்கும் தொலைவில் அம்மையார் அமர்ந்து தார் சுற்றலாம்; நின்று காவல் காக்க வேண்டியதில்லை. இயந்திரத்தைத் தறிக்கு அருகில் மட்டும் வைக்கலாகாது. பறக்கும் மாவு பாவின்மீது படிந்தால் கரப்பானும் எலியும் தேடி வரும்.

சங்கங்கள் இதில் செய்யக்கூடியது என்ன? இதைப் பேச்செடுத்தால் நிர்வாகக் குழுவினர் சிலர், “சிறிய தொட்டிக்கு ஏன் இவ்வளவு பிரயாசை? சங்கத்துக்கே ஒரு பெரிய மாவாலைக்கு மனுப் போடலாமே” என்கின்றனர். பெரிய ஆலையை நான் எதிர்ப்பவன் அல்லன். இங்கிலாந்தில் 1844-இல் ராச்டேல் நகரில் கூட்டுறவுக் கடை திறந்த முன்னோடிகள் இருபத்தெண்மரில் நெசவாளர் பலர் இருந்தனர். 1850-இல் அந்நகரத்துக் கூட்டுறவாளர்கள் சொந்தமாக மாவாலையே நிறுவினர். ஆனால் அதற்கு முன் அவர்கள் ஆறு ஆண்டுகள் மாவையும் வெண்ணெயையும் சில்லறையாக விற்றுப் பழகியிருந்தனர். நம் மாவட்டத்துத் திரூரில், சட்டம் வந்த 1904-ஆம் ஆண்டிலேயே, நாட்டின் முதல் வேளாண்மைக் கடன் சங்கம் தோன்றியதும் சிறு கடனில்தான். தணிக்கைக்காக ஊர் ஊராகச் செல்பவன் என்ற முறையில் நான் காண்பது வேறு. கட்டடம், பெரிய இயந்திரம், திறப்பு விழா எல்லாம் ஆன பின், ஒரு பெல்ட் அறுந்தாலோ ஒரு தகடு ஓட்டையானாலோ செப்பனிட ஆளில்லாமல் மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் அறைகள் இருக்கின்றன. அவற்றின் தேய்மானம் மட்டும் ஆண்டுதோறும் ஒழுங்காகக் கணக்கில் எழுதப்படுகிறது. தன் வீட்டு ஹாப்பரைத் தானே மடித்துத் தட்டியவர், அது ஓட்டையானால் தாமே அடைத்துக்கொள்வார். அப்படிப்பட்டவர் இருபது பேர் ஒரு சங்கத்தில் சேர்ந்த பிறகு பெரிய ஆலையைப் பற்றிப் பேசினால் அதற்குப் பொருள் உண்டு.

ஆகவே இப்போதைக்குச் சங்கம் செலவிட வேண்டியது மிகச் சிறிது. மேலே கூறிய சரிவகத்தின் அளவைத் தடித்த தகட்டில் வெட்டி ஓர் அளவுத்தகடாகச் சங்க அலுவலகத்தில் மாட்டி வைக்கலாம். தகடு வெட்டும் கத்தரி ஒன்று, ரிவெட் அடிக்கும் கருவி ஒன்று, இரண்டையும் வாங்கி, கையெழுத்துப் பெற்றுக்கொண்டு அங்கத்தினருக்கு இரவல் தரலாம். ஆறு பேர் சேர்ந்தவுடன் அவர்கள் பெயரில் ஒரு தகட்டை மொத்த விலைக்கு எடுத்துக்கொடுத்து, வீட்டுப் பங்கை அன்றே ரொக்கமாக வசூலித்துவிட வேண்டும். இந்தத் தொகைக்குக் கடன் கணக்கு ஒன்றைத் திறப்பது எழுதும் காகிதத்துக்கும் கட்டாது. ஆறு பேரில் ஒருவராவது தச்சரோ கொல்லரோ தறி செப்பனிடுபவரோ இருந்தால் வேலை ஒரு பகலில் முடியும்.

ஆடிக்கு மாவு வேண்டுமாயின் ஆனிக்குள் தொட்டி தயாராக வேண்டும். முதல் முறை ஓட்டும்போது இரண்டு படி மலிவான நொய்யைப் போட்டு அரைத்து, தகட்டுத் தூளும் எண்ணெயும் கலந்து வரும் அந்த மாவை உண்ணாமலும் மாட்டுக்கு வைக்காமலும் குழியில் கொட்டிவிடுக. இரண்டாம் அரைவையிலிருந்து கேழ்வரகைப் போடலாம்.